இரண்டு அடுப்படிக்கு நடுவே ஒரு சுவர்

ஒரு கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை நம் அரசாங்கம் அடுப்பை வைத்துத்தான் எண்ணுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தால், விசாரணைக்கு வருகிறவர் தனிச் சமையல் நடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். சமையல் எரிவாயு விநியோகத்துக்கான மத்திய அரசின் ஆணையும் பொதுச் சமையலறை உள்ளவர்களை ஒரு குடும்பமாகக் கொண்டு ஒரே இணைப்பைத்தான் அனுமதிக்கிறது. பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில், அண்ணன் அடுப்படிக்கும் தம்பி அடுப்படிக்கும் நடுவில் நிற்கிற சுவர்தான் அரசாங்கக் கண்ணுக்கு இரண்டு குடும்பங்களின் எல்லை. அந்தச் சுவரைத் திறப்பது பற்றியதே இந்தக் கட்டுரை.

இப்படிப்பட்ட சுவர்கள் தமிழ்நாட்டில் எழுந்த விதம் ஊருக்கு ஊர் வேறுபடும். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தில் தெருவாசலில் தொடங்கிக் கொல்லைவரை நீளும் குறுகிய வீடுகளை நெடுக்கவே இரண்டாக வகிர்ந்துகொள்வார்கள். இருபதடி முகப்பு பத்தடி பத்தடியாகும். வேறு ஊர்களில் முன்கட்டு ஒருவருக்கு, பின்கட்டு மற்றவருக்கு. செட்டிநாட்டில் கதையே வேறு. மணமான மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். அதே வளவில் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், தனி அடுப்பு. அதில் மனக்கசப்புக்கு இடமே இல்லை. மற்ற ஊர்களில் தனி உலை வைத்தாலே 'பிரிந்துவிட்டார்கள்' என்று தெரு பேசத் தொடங்கிவிடும். நீதிமன்றங்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. தனித்தனியே சமைத்துச் சாப்பிடுவது மட்டுமே பாகப்பிரிவினைக்கு முடிவான சான்றாகாது என்பது இந்துக் கூட்டுக்குடும்பச் சட்டத்தில் நிலைபெற்ற கருத்து. வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தமும் மகள்களுக்குச் சம உரிமை தந்தபின் பங்குகள் கூடின. சில வீடுகளில் இரண்டு அடுப்படி மூன்றாயிற்று.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார்கள். ஒருவர் பங்கை மற்றவர் கிரயம் வாங்கிக்கொள்கிறார். இல்லையென்றால் இரு பக்கமும் இரண்டிரண்டு வயதானவர்கள் மிஞ்சி, 'இனி என்ன சுவர்' என்கிற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்றாக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கைவைக்க நினைப்பது அடுப்படியில். காரணம் எளிது. தனிச் சாப்பாட்டு அறை உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 54 சதுர அடி இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பாகம் பிரித்த வீட்டின் அடுப்படிகள் ஆறுக்கு எட்டு, 48 சதுர அடியில் நின்றுவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் நிற்கும், மிக்ஸி படுக்கையறையில் ஓடும். இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டுக்கு எட்டு. ஆசைப்படத்தக்க அளவுதான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, "ஒம்போது இஞ்சா, நாலரை இஞ்சா?" என்பதுதான். ஒன்பது என்றால் பாரம் தாங்குகிற சுவர், தொடாதே. நாலரை என்றால் வெறும் தடுப்பு, சம்மட்டியை எடு. இந்தக் கணக்கு புதிதாகக் கட்டிய, யாரும் கைவைக்காத வீட்டுக்கு ஓரளவு பொருந்தும். பாகம் பிரித்த வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே கேட்க வேண்டியது சுவரின் வயதை. அது எப்போது எழுந்தது, அதற்குப் பிறகு அதன் தலைமேல் என்னென்ன ஏறியது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அதைத் திறக்கலாமா என்று சொல்ல முடியும்.

வயதை வைத்துப் பார்த்தால் இந்தச் சுவர்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். வீடு கட்டிய நாளிலேயே இருந்தது முதல் வகை. தாத்தா காலத்தில் அது அடுப்படிக்கும் சாமான் அறைக்கும் நடுச்சுவர். பிரிவினையில் அடுப்படி ஒருவருக்குப் போக, சாமான் அறை கிடைத்தவர் அதையே தன் அடுப்படியாக்கிக்கொண்டார். இது ஒரு கல் சுவர், சில வீடுகளில் ஒன்றரைக் கல். தளம் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வகை, பிரிவினைக்குப் பிறகு பெரிய அடுப்படியின் குறுக்கே எழுப்பிய அரைக்கல் சுவர். தளம் இதற்கு முன்பே இருந்தது. அதனால் பாரம் எதுவும் இதன்மேல் இல்லை என்று தோன்றும்.

மூன்றாம் வகைதான் ஆளை ஏமாற்றுவது. அதே அரைக்கல் சுவர், ஆனால் பிற்பாடு அண்ணன் தன் பங்கின்மேல் மாடி கட்டியிருப்பார். அவருடைய மாடிச் சுவர் எங்கே வர முடியும்? பத்திரத்தில் உள்ள எல்லைக்கோட்டில்தான். எல்லைக்கோடு எங்கே? கீழே இருக்கும் அந்த அரைக்கல் சுவருக்கு நேர்மேலே. தடுப்புக்காக எழுந்த மெல்லிய சுவர், பிரிவினைப் பத்திரம் எழுதியவரின் பேனா காரணமாக ஒரு மாடியைச் சுமக்கிற சுவராகிவிட்டது. எந்தப் பொறியாளரும் வரைந்து தராத பாரம் இது. மேஸ்திரியின் டேப் இங்கே நாலரை என்று காட்டும், அது சரியான அளவும்கூட. அந்த அளவை நம்பி உடைத்தால் மாடிச் சுவர் விரிசல் விடும். துரதிர்ஷ்டம் கூடினால் தளமே உட்காரும்.

இரண்டாம் வகைக்கும் முழு நற்சான்று தர மாட்டேன். கான்கிரீட் தளம் வார்த்த நாளோடு நின்றுவிடுவதில்லை. பாரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தாழ்ந்துகொண்டே இருக்கும். கீழே இறுக்கி அடைத்த சுவர் ஒன்று நின்றால் தளம் மெல்ல அதன்மேல் சாய்ந்துகொள்ளும். முப்பது வருடம் சாய்ந்திருந்ததை ஒரே பகலில் எடுத்தால் தளம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெரும்பாலும் பூச்சில் மயிரிழை விரிசலோடு போய்விடும். ஆனாலும் முட்டுக் கொடுக்காமல் எடுப்பது வீண் துணிச்சல்.

வயதைக் கண்டுபிடிக்கப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சுவரடியில் ஒட்டியிருக்கும் தரைக்கல் ஒன்றைப் பெயர்த்தாலே பாதி விடை கிடைக்கும். மேலே விட்ரிஃபைடு டைல், அதன்கீழ் மொசைக், அதற்கும் கீழே தாத்தா காலத்துச் சிவப்புக் காவித் தரை என்று அடுக்கடுக்காக வரும். அந்தச் சிவப்புத் தரை சுவருக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதா, சுவருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்து போனால் தரைக்குப் பிறகு வந்த சுவர் அது. அதற்குத் தனி அஸ்திவாரமும் இருக்காது. அடுத்து, குறுக்குச் சுவரோடு சேரும் மூலையில் ஓரடி உயரத்துக்குப் பூச்சைத் தட்டிப் பார்க்கலாம். செங்கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தால் இரண்டும் ஒரே காலத்தவை. கத்தி வைத்துக் கிழித்ததுபோல நேர்க்கோடு தெரிந்தால் பிற்காலத்தது. சாந்தும் சொல்லும். பழையதில் சுண்ணாம்பு வெளுப்பாக உதிரும், பிந்தையதில் சிமெண்டு சாம்பல் நிறமாக உளிக்கு எதிர்ப்புக் காட்டும். பிறகு மொட்டைமாடி ஏறி, சுவருக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று அடியளந்து பார்க்க வேண்டும். சுவர் இல்லாவிட்டாலும் தண்ணீர்த் தொட்டி இருக்கலாம். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். குழாய்க்குப் பக்கம் என்று அடுப்படிச் சுவரின் தலையில்தான் நம்மவர்கள் தொட்டியை வைப்பார்கள்.

முதல் வகைச் சுவரில் இன்னொன்றைத் தேட வேண்டும்: அடைத்த வாசல். அடுப்படியிலிருந்து சாமான் அறைக்குப் போகப் பழைய வழி ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். பிரிவினையின்போது கதவைக் கழற்றிச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ஒலி மாறும். அங்கே பூச்சை உரித்தால் மேலே மரவுத்திரமோ கல்லோ செங்கல் வளைவோ தெரியும். அந்த வாசலைத் திறப்பதில் வீட்டின் பாரம் இடம் மாறாது, ஏனென்றால் அது எப்போதோ அந்த உத்திரத்தின்மேல் ஏறிவிட்டது. கறையான் அரிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டால் போதும். மூன்றடி வழி கிடைத்துவிடும். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு அந்த மூன்றடியே போதும்.

போதாது, அகலமாக வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடலாம். ஒன்பது இஞ்சு கனம், பத்தடி உயரமுள்ள செங்கல் சுவர் ஓரடி நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ. ஐந்து இஞ்சு கான்கிரீட் தளம், அதன்மேல் தட்டோடு, ஆட்கள் நடமாட்டம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 60 கிலோ என்று வைத்தால், இருபுறமும் பத்தடி அறைகள் உள்ள நடுச்சுவர் ஓரடிக்கு 600 கிலோ தாங்குகிறது. எட்டடி அகலத்துக்குத் திறந்தால் மாடியில்லாத வீட்டில் சுமார் 5 டன்னை வேறு எதன்மேலாவது மாற்ற வேண்டும். மேலே ஒரு மாடியும் அதற்கொரு தளமும் இருந்தால் அது 13 டன்னுக்குப் பக்கத்தில் போகும். அவ்வளவும் திறப்பின் இரு பக்கத்திலும் மிச்சம் நிற்கும் சுவர்த் துண்டுகளின் வழியாகத்தான் பூமிக்கு இறங்கும். அந்தத் துண்டு ஓரடிதான் என்றால் செங்கல் நசுங்கும்.

அதனால்தான் 'சுவரே தெரியக் கூடாது, ஒரே ஹாலாக வேண்டும்' என்கிற ஆசையை நான் ஆதரிப்பதில்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 4326, பாரம் தாங்கும் சுவரில் வாசல்களும் சன்னல்களும் சேர்ந்து எவ்வளவு நீளம் போகலாம் என்று வரம்பு வைக்கிறது. மிகக் கடுமையான பிரிவுக்கு ஒற்றைத் தளத்தில் சுவர் நீளத்தில் பாதி, இரண்டு தளத்தில் 42 விழுக்காடு, மூன்று தளத்தில் 33. நம் ஊர் அந்தக் கடுமையான பிரிவில் இல்லை. ஆனால் 2002இல் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு உயர்ந்தது என்பதையும், நாம் பேசுகிற வீடுகளில் பல அதற்கு முன்பே கட்டியவை என்பதையும் மறக்கலாகாது. பத்தடிச் சுவரில் ஐந்தடித் திறப்பு, மாடி இருந்தால் நாலடி, இரு மூலைகளிலும் இரண்டடிக்குக் குறையாத சுவர் என்பது என் கட்சி. ஐந்தடி வழியில் இரண்டு பேர் எதிரெதிரே குடத்தோடு போகலாம். அதற்குமேல் அடுப்படிக்கு என்ன வேண்டும்?

தளத்தின் வகை வேலையை மாற்றிவிடும். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய தளத்தில் மரச்சட்டங்கள் வரிசையாக ஓட, அவற்றின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருக்கும். அண்ணாந்து பார்த்தாலே சட்டங்களின் முனை எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். அடுப்படிச் சுவருக்கு இணையாக ஓடினால் அதன்மேல் பாரம் குறைவு. முனை அதன்மேல் முடிந்தால் முழுப் பாரமும் அதன்மேல்தான். இத்தகைய வீட்டில் மின் பிரேக்கர் கூடவே கூடாது. அதிர்வில் குத்துக்கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். கை உளியும் பொறுமையும்தான். இதற்கு நேர்மாறாக, 1990களுக்குப் பிறகு பெருகிய பில்லர், பீம் வீடுகளில் நடுச்சுவர் பாரம் தாங்குவதில்லை. பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு எடுக்கலாம். அலுமினியச் சட்டம் வைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்த்த அடுக்குமாடிகளில் பேச்சுக்கே இடமில்லை. அங்கே பாரம் தாங்கும் சுவர்கள்தான் கட்டடமே. பக்கத்து ஃபிளாட்டை வாங்கிவிட்டோம் என்பதற்காக ஒரு துளைகூடப் போடலாகாது.

நம் அடுப்படிகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வெளியூர்க் கட்டுமானப் புத்தகங்களில் அது இருக்காது. பரண். ஏழடி உயரத்தில், லிண்டலோடு சேர்த்து வார்த்து, இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை. வெளிமுனையில் அதற்குத் தாங்கல் கிடையாது. சுவருக்குள் மாட்டியிருக்கும் உள்முனையை மேலே உள்ள செங்கல் வரிசைகளின் எடை அழுத்திப் பிடிப்பதால்தான் அது கவிழாமல் நிற்கிறது. அண்டாவும் வெண்கல உருளியும் வடாம் டின்களும் அதன்மேல். பரணை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மேலே உள்ள நாலு வரிசைச் செங்கல்லை எடுத்தால், பிடித்திருந்த கை விட்டுப்போகும். சுவரைத் தொடுமுன் பரணைக் காலி செய்து, அடியில் முட்டு வைத்து, முதலில் பரணை வெட்டி இறக்க வேண்டும். சுவருக்கு இரண்டு பக்கமும் பரண் இருந்தால் இரண்டையும். கோட்டை அடுப்புக் காலத்துப் புகைபோக்கி சுவரோடு ஒட்டி மேலே போகிற வீடுகளிலும் இதே எச்சரிக்கை. கீழே சுவரை எடுத்தால் மொட்டைமாடிக்கு மேல் நிற்கும் கூண்டு அந்தரத்தில் நிற்கும். உச்சியிலிருந்துதான் பிரித்துக்கொண்டு வர வேண்டும்.

திறக்கும் முறைக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்தது, சுவரில் மூன்றடிக்கு ஒரு துளை போட்டு, குறுக்கே கட்டை செருகி, இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே உடைத்து, கான்கிரீட் லிண்டல் வார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் ஐ.எஸ். 456 தரவிதிப்படி ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் முட்டுப் பிரிக்கக் கூடாது. பதினாலு நாளும் அடுப்படி முழுக்க ஜாக்கிக் காடு. வழக்கமாக ஓர் அடுப்படியில் வேலை நடந்தால் பக்கத்து வீட்டு அடுப்படியில் சமைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தப் பக்கத்து அடுப்படியும்தான் வேலையில் இருக்கிறது.

இதைவிட நெருக்கடியான இடத்துக்கு ஏற்றது இரட்டைச் சேனல் முறை. சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும், திறப்பின் உச்சியில், இரும்புச் சேனல் உட்காருமளவுக்கு நீளக் காடி எடுப்பார்கள். ஒன்பது இஞ்சில் பாதிக்கும் குறைவான ஆழம். மிச்சக் கனம் அதுவரை பாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். காடியின் இரு முனையிலும் இரண்டடி நீளத்துக்குக் கான்கிரீட் கட்டை, 'பெட் பிளாக்', வைத்துக் காயவிட வேண்டும். இதை விட்டுவிட்டுச் சேனலை நேராகச் செங்கல்லில் உட்கார வைப்பதுதான் நான் பார்த்த வேலைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறங்குலச் சேனல் பத்தடி நீளம் 50 கிலோதான் வரும், இரண்டு மூன்று பேர் தோளில் தூக்கி ஏற்றிவிடலாம், கிரேன் தேவையில்லை. ஏற்றியதும் சேனலுக்கும் மேற்செங்கல்லுக்கும் நடுவே இரும்பு ஆப்பு அடித்து இறுக்கி, ஈரப்பதம் குறைந்த கெட்டிக் கலவையைக் கம்பால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். தளதளவென்ற கலவை காயும்போது சுருங்கும். அந்த ஒரு நூல் இடைவெளிதான் பிறகு மாடிச் சுவரில் விரிசலாக ஏறும். ஒரு பக்கம் இறுகியபின் மறுபக்கம் அதேபோல் இன்னொரு சேனல். இரண்டையும் சுவருக்குக் குறுக்காகப் போல்ட்டால் முடுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் கீழே உள்ள செங்கல்லை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். முட்டு அப்போதும் வேண்டும், ஆனால் காவலுக்கு. சில நாளில் பிரித்துவிடலாம். எந்தக் கனச் சேனல் என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆறங்குலம் என்றது உதாரணத்துக்கு. இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடித்து, கோழிவலை சுற்றிப் பூசிவிட வேண்டும். அடுப்படி நீராவியில் துரு ஏற நாளாகாது, தீ விபத்து என்று வந்தால் வெறும் இரும்பு சீக்கிரம் வலுவிழக்கும்.

ஐந்துக்கு ஏழு திறப்பில் ஏறக்குறைய 350 செங்கல், ஒன்றரை டன் இடிபாடு வரும். சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் செங்கல் முழுசாகவே கழன்று வரும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிமெண்டு என்றால் தூள்தான்.

சுவர் போனபிறகுதான் இரண்டு வீடுகளும் எத்தனை விலகிப்போயிருக்கின்றன என்பது தெரியும். ஒவ்வொருவரும் தனித்தனியே டைல் போட்டபோது தரை ஒன்றரை இஞ்சு, இரண்டு இஞ்சு ஏறியிருக்கும், அதுவும் ஒரே அளவில் இல்லை. கொதிக்கும் ரசப் பாத்திரத்தோடு போகிறவர் காலுக்கு இந்தச் சின்னத் தட்டல் பெரிய மாடிப்படியைவிட ஆபத்து, ஏனென்றால் கண்ணில் படாது. உயரமான பக்கத்தைக் கொத்தி இறக்குவதுதான் சரி. அது முடியாவிட்டால் திறப்பின் அகலம் முழுக்க வேறு நிறத்தில் கிரானைட் பட்டி போட்டு வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும். சுவர் இருந்த தடத்தில் எப்படியும் ஒன்பது இஞ்சு வெற்றுப் பள்ளம் இருக்கும், பட்டிக்கு அதுவே இடம்.

தரை வித்தியாசத்துக்கும் எரிவாயுவுக்கும் தொடர்பு உண்டு. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து தாழ்ந்த பக்கம் தேங்கும். முன்பு நடுவில் சுவர் இருந்தது. இப்போது மேட்டுப்பக்கத்துச் சிலிண்டர் கசிந்தால் பள்ளத்துப் பக்கத்துக் குளிர்சாதனப் பெட்டியோ எரியும் அடுப்போ அதற்குத் தீ தரும். சிலிண்டரைத் தாழ்ந்த தரையில், வெளிச்சுவரோரம், தரைமட்டத்தில் காற்றுத் துளை உள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

இதைவிட அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது மின்சாரம். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர். கம்பத்திலிருந்து ஒன்று ஒரு பேஸிலும் மற்றது வேறு பேஸிலும் வந்திருக்கலாம். சேர்த்த அடுப்படியில் கையெட்டும் தூரத்தில் உள்ள இரண்டு பிளக்குகளுக்கு நடுவே அப்போது 230 வோல்ட் அல்ல, ஏறக்குறைய 400 வோல்ட். ஒரு பக்கத்து மெயினை அணைத்துவிட்டு 'கரண்ட் இல்லை' என்று ஒயரைத் தொட்ட எலக்ட்ரீஷியனுக்கு மறுபக்கத்து ஒயர் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டர் இரண்டு இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். அடுப்படி முழுவதையும் ஒரே மீட்டரின்கீழ், ஒரே பெட்டியிலிருந்து, கசிவு மின்தடுப்பானோடு புதிதாக ஒயரிங் செய்யாமல் குடிபோகக் கூடாது. பழைய சுவருக்குள் புதைந்த குழாயும் ஒயரும் எங்கே ஓடின என்று உடைக்குமுன்பே வரைந்து வைத்தால் உளி அதில் இறங்காது.

காகிதங்கள் மிச்சம். சுவர் திறந்ததால் இரண்டு பங்கு ஒன்றாகிவிடாது. கிரயமோ விடுதலைப் பத்திரமோ பதிவாகாதவரை அது இருவர் சொத்தில் உள்ள பொதுச்சுவர், ஒருவர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. அண்ணன் தம்பி இன்று ஒற்றுமையாக இருந்தாலும், திறப்பின் அகலத்தையும் யார் செலவு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நாளை அவர்களின் பிள்ளைகளுக்கு உதவும். சொத்துவரி இரண்டு எண்ணில் இருந்தால் பத்திரம் ஒன்றானபின் சேர்க்க மனுப் போடலாம். மின்வாரியத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், இரண்டு மீட்டருக்கு 200. வீடும் குடும்பமும் ஒன்றானபின் இரண்டாவது இணைப்பைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். குடும்ப அட்டை இன்னும் நுட்பமான விஷயம். 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் ஓர் அட்டைக்கு ஒருவருக்கு என்பதால், இரண்டு அட்டை ஒன்றானால் ஒரு பெண்மணியின் ஆயிரம் போகும். சட்டம் பார்ப்பது தனிச் சமையலைத்தான், சுவரை அல்ல. இரண்டு குடும்பமும் தனித்தனியே சமைத்துக்கொண்டிருந்தால் நடுவில் ஐந்தடி வாசல் இருப்பதால் மட்டும் அவர்கள் ஒரே குடும்பம் ஆகிவிடவில்லை. ஆனால் விசாரணைக்கு வருகிறவருக்கு அதை விளக்கும் பொறுப்பு வீட்டாருடையது.

இதனால்தான் சேர்த்த அடுப்படியில் பழைய மேடை இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அட்டைக்காக மட்டுமல்ல. ஒரு மேடை 32 அங்குலம், மற்றது 34 என்று இருக்கும். உயரமானவர் ஒருவர், குள்ளமானவர் ஒருவர் என்றால் அந்த வித்தியாசம் வரம். ஒரு பக்கம் கவிச்சி, மறுபக்கம் சைவம் என்று பழகிய குடும்பங்களும் உண்டு. இரண்டு தொட்டி, இரண்டு வடிகால் இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை. புகைக்கூண்டு மட்டும் ஒன்றே போதும். இரண்டு பக்கமும் எக்ஸாஸ்ட் ஓட்டை இருந்தால், ஒன்று இழுக்கும்போது மற்றதன் வழியாக வெளிக்காற்றும் புழுதியும் உள்ளே வரும். ஓடாத நேரத்தில் தானே மூடிக்கொள்ளும் தகடு வைத்த விசிறியாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, திறப்புக்கு நிலை வைக்கும்போதே மேலே ஒரு தண்டவாளப் பட்டையும் வைத்துவிடுவது நல்லது. மிளகாய் வறுக்கிற அன்று நகர்த்திச் சாத்த ஒரு கதவு வேண்டும். பேச்சு முறிகிற அன்றும் அது உதவும், மறுபடி செங்கல் வாங்கப் போக வேண்டியிருக்காது.